தாளில் வந்து சேரும் சாட்சியம்

இராமநாதபுரம் மாவட்டத்தின் பாலியல் வன்முறை வழக்குகளில் உயர் நீதிமன்ற மேல்முறையீடு என்றால் 2004 வரை சென்னைக்குத்தான் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 24-இல் மதுரை அமர்வு திறக்கப்பட்டதும் தூரம் குறைந்தது. ஆனால் இராமேசுவரம் தீவிலிருந்து வந்து கூண்டேறி ஒரு பெண் சொன்னது, மேல்முறையீட்டு நீதிபதியின் மேசைக்கு இன்றும் எழுத்தாகவே வருகிறது. அவள் எந்தக் கேள்விக்குத் தயங்கினாள், எதற்கு உடைந்து அழுதாள் என்பதை விசாரணை நீதிபதி மட்டுமே பார்த்திருக்கிறார். விடுதலைத் தீர்ப்பின் மீதான மேல்முறையீட்டில், சாட்சியை நேரில் கண்டவரின் கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று பிரிவி கவுன்சில் 1934-இல் ஷியோ ஸ்வரூப் வழக்கில் கூறியது. நியாயமான விதிதான், ஆனால் நேரில் கண்டவர் பெண்ணைப் பற்றிய முன்முடிவோடு அமர்ந்திருந்தால் அதுவும் தீர்ப்போடு சேர்ந்தே மேலே வந்தது.

முன்முடிவுக்குச் சட்டமே இடம் வைத்திருந்தது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 155(4) பிரிவில், புகார் செய்த பெண் ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டி அவள் சொல்லைக் குலைக்க எதிர்த்தரப்பை அனுமதித்தது. அந்தப் பிரிவு நீங்க 2002-இன் கடைசி நாள் வரை ஆயிற்று.

ராஜஸ்தானில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கு பழைய மனப்போக்கை வெளிச்சமாக்குகிறது. முதல் நீதிமன்றம் குற்றவாளியைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் அமர்வு நீதிபதி, குற்றம் நடந்ததாக மனம் ஒப்பினாலும் வேறு சான்றின் துணை இல்லை என்று விடுவித்தார். உயர் நீதிமன்றம் அதைத் திருத்தியது. 1951 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ், துணைச் சான்று சட்டத்தின் கட்டாயம் அல்ல, நீதிபதி மனத்தில் இருக்க வேண்டிய எச்சரிக்கை மட்டுமே என்றார். அந்த எச்சரிக்கையே பிறகும் பல தீர்ப்புகளில் கட்டாயம்போல நடமாடியது. மகாராஷ்டிரக் காவல் நிலையமொன்றில் பழங்குடிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில், உயர் நீதிமன்றம் தண்டித்த காவலர்களை உச்ச நீதிமன்றம் 1978-இல் விடுவித்தது. உடலில் காயமில்லாததை இசைவின் அடையாளமாக எடுத்துக்கொண்டது. உபேந்திர பக்‌ஷி, லோதிகா சர்க்கார் உள்ளிட்ட நால்வர் 1979-இல் எழுதிய பகிரங்கக் கடிதம் நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பியது. அதன் விளைவாக வந்ததே 1983-இன் திருத்தம். காவலில் நடந்த வன்புணர்ச்சியில் உறவு நடந்தது மெய்ப்பிக்கப்பட்டு, தான் இசையவில்லை என்று பெண் சொன்னால் அதையே நீதிமன்றம் கொள்ள வேண்டும் எனச் சாட்சியச் சட்டத்தின் 114-ஏ பிரிவு விதித்தது. 1996-இல் குர்மித் சிங் வழக்கில் நீதிபதி ஏ. எஸ். ஆனந்த், சிறு முரண்பாடுகளுக்காகச் சாட்சியத்தைத் தள்ளக் கூடாது என்று கூறி, மாணவியின் நடத்தையைப் பழித்த விசாரணை நீதிபதியைக் கண்டித்தார்.

தமிழகத்தில் இந்த விதிகளுக்கு மிகக் கடினமான சோதனை வாச்சாத்தி. 1992 ஜூன் 20-இல் தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவார ஊரில் 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 269 பேர். புகார் சொல்ல வேண்டிய பெண்களே சிறையில் அடைக்கப்பட்டார்கள். புகார் தாமதமாக வந்தது என்று அவர்கள் மீது குறை சொல்வது எவ்வளவு கொடியது! 2011-இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன், தாள்களோடு நிற்காமல் 2023 மார்ச்சில் ஊருக்கே போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29-இல், பெண்களின் சாட்சியம் நம்பத்தக்கது என்று ஏற்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்டோருக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும் உத்தரவிட்டார்.

ஒற்றைச் சாட்சியம் போதும் என்பதால் எதையும் ஆராயாமல் ஏற்கலாம் என்று பொருளில்லை. 2012-இல் ராய் சந்தீப் வழக்கில் உச்ச நீதிமன்றம், முதல் வாக்குமூலம் தொடங்கிக் குறுக்கு விசாரணை வரை அடிப்படை மாறாமல் நிற்கும் சாட்சியத்தையே தனித்து நம்பலாம் என்று கூறி, தண்டிக்கப்பட்டவர்களை விடுவித்தது. பெண்ணின் சொல்லை அவள் உடலை வைத்து அளக்கும் இருவிரல் சோதனையை 2013-இல் அதே நீதிமன்றம் கண்டித்தது. ஆனாலும் வழக்கம் ஒழியவில்லை. 2022 ஏப்ரலில் மதுரை அமர்வு, ஒரு மேல்முறையீட்டின் மருத்துவச் சான்றில் அந்தச் சோதனையைக் கண்டு, உடனடியாகத் தடை செய்யத் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது.