குருதிக்கலன் வளர்ச்சிக் காரணி: ஒரு வரலாற்று நோக்கு

இரணைமடுக் குளத்து நீர் துருசு வழியே புறப்பட்டுப் பெருவாய்க்காலிற் பாய்ந்து, கிளைவாய்க்கால்களாகப் பிரிந்து, உருத்திரபுரத்து வயல்களை அடைகின்றது. வரம்பு உறுதியாயிருப்பின் பயிர் செழிக்கும். வரம்பு கசியின் ஒரு வயல் அழுகும், மற்றொன்று வாடும். புதிதாக நிலந் திருத்துவோர்க்கு அந்நிலத்துக்கு வாய்க்கால் வெட்டுதலே முதற் கருமமாகும். மனித உடலும் இத்தகையதொரு பாசன அமைப்பை உடையது. இதயத்தினின்று புறப்படும் நாடிகள் கிளைத்துக் கிளைத்து, மயிரினும் நுண்ணிய குழாய்களாகி, ஒவ்வோர் இழையத்துக்கும் ஒட்சிசனையும் உணவையும் கொண்டு சேர்க்கின்றன. புண் ஆறுமிடத்தும் கரு வளருமிடத்தும் புதிய குழாய்கள் தோன்றுகின்றன. அவ்வாய்க்கால்களை வெட்டுமாறு பணிப்பது யாது? இவ்வினாவுக்கு விடைகாண ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. அவ்விடை மனித நோய்களுக்கு மருந்தான வரலாறும், அது வயல்வெளிப் பாம்பின் நஞ்சோடு தொடர்புபட்ட வரலாறும் அறியத்தக்கன.

1948ஆம் ஆண்டில் ஐசாக் மைக்கல்சன் என்னும் கண்வைத்தியர் விழித்திரையின் குருதிக்கலன்கள் வளரும் முறையை ஆராய்ந்தார். அவை நாடிகளுக்கு அண்மையில் அருகியும் நாளங்களுக்கு அண்மையிற் பெருகியும் வளர்தலை அவர் கண்டார். விழித்திரையினின்று பரவும் ஏதோவொரு பொருளே அவற்றின் வளர்ச்சியை ஆள்கின்றது என்பது அவர் கொண்ட முடிபு. அப்பொருள் யாதென அக்காலத்தில் எவராலும் காட்ட இயலவில்லை. ஆயினும் வினா எழுந்துவிட்டது.

அதனை வேறொரு துறையினின்று மீண்டும் எழுப்பியவர் ஜூடா போக்மன் என்னும் அறுவை வைத்தியர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்திற் பணியாற்றியபோது, உடலுக்கு வெளியே பேணப்பட்ட தைரொயிட்டுச் சுரப்பிகளிற் புற்றுநோய்க் கலங்களை அவர் இட்டார். அவை ஓரிரு மில்லிமீற்றர் அளவுக்கு வளர்ந்து நின்றுவிட்டன. அவற்றையே உயிருள்ள எலிகளிற் பதித்தபோது விரைந்து பெருகின. இரண்டிற்குமுள்ள வேறுபாடு யாதெனில், முன்னையதிற் புதிய குருதிக்கலன்கள் தோன்றவில்லை என்பதே. கட்டியானது ஒரு பொருளைச் சுரந்து குருதிக்கலன்களைத் தன்பால் ஈர்க்கின்றது. அப்பொருளைத் தடுப்பின் கட்டியும் வளராது என 1971ஆம் ஆண்டில் அவர் எழுதினார். அறிஞர் பலர் அக்கருத்தை நெடுங்காலம் ஏற்றிலர்.

இதற்கிடையில், குருதிக்கலன் வளர்ச்சியைக் கருதாத மற்றொரு குழுவினர் அப்பொருளையே வேறு வழியால் அணுகிக்கொண்டிருந்தனர். பொஸ்ரன் நகரிலே ஹரல்ட் துவோராக், டொனல்ட் செங்கர் ஆகியோர் கட்டிகளைச் சுற்றி நீர் கோப்பதன் காரணத்தை ஆராய்ந்தனர். கினிப்பன்றியின் குருதியில் நீலச் சாயத்தை ஏற்றி, ஆராயவேண்டிய திரவத்தை அதன் தோலிற் செலுத்துவர்; குழாய்கள் கசியுமாயின் அவ்விடம் நீலமாகும். இவ்வெளிய சோதனையைத் துணைக்கொண்டு, கட்டிகள் சுரக்கும் புரதமொன்று குழாய்களைக் கசியச் செய்கின்றது என 1983ஆம் ஆண்டில் அவர்கள் நிறுவினர். ஹிஸ்டமினைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிய அப்புரதத்துக்குக் ‘குருதிக்கலன் ஊடுபுகவிடுங் காரணி’ எனப் பெயரிட்டனர்.

1989ஆம் ஆண்டில் நப்போலியோனே பெராரா என்னும் இத்தாலிய நாட்டு வைத்தியர், கலிபோர்னியாவிலுள்ள ஜெனென்ரெக் நிறுவனத்தில், பசுவின் கபச்சுரப்பிக் கலங்களினின்று ஒரு புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். குருதிக்கலன்களின் உட்புறத்தே பரவியுள்ள அகவணிக் கலங்களை அது பெருக்கியது. ஏனைய கலங்களை அவ்வாறு தூண்டவில்லை. ஆதலின் அதனைக் ‘குருதிக்கலன் அகவணி வளர்ச்சிக் காரணி’ என அழைத்தார். அவ்வாண்டு டிசெம்பரில் இரு குழுவினர் தத்தம் புரதத்தின் பரம்பரையலகை ஒரே சஞ்சிகையின் ஒரே இதழில் வெளியிட்டனர். ஒரு குழு வளர்ச்சிக் காரணியை ஆராய்ந்தது. மற்றது கசிவுக் காரணியை ஆராய்ந்தது. ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றேயாயின. வாய்க்காலை வெட்டுவதும் வரம்பைக் கசியச் செய்வதும் ஒரே பொருளின் தொழில்கள் என்பது அன்று புலனாயிற்று. இதன் பிற்பட்ட வரலாறு முழுவதும் இவ்வுண்மையின் விரிவேயெனலாம்.

பரம்பரையலகு கிடைத்தபின் புரதத்தை வேண்டிய அளவு ஆக்குதல் இயல்வதாயிற்று. 1973ஆம் ஆண்டிற் கோகன், போயர் என்போர் வகுத்த மீள்சேர்க்கை முறையும், 1978ஆம் ஆண்டில் மனித இன்சுலினைப் பற்றீரியாவில் ஆக்கிய அனுபவமும் இதற்கு வழிகாட்டின. மனிதப் பரம்பரையலகு பற்றீரியாவிலோ விலங்குக் கலங்களிலோ புகுத்தப்படும். அவை தம் புரதங்களோடு மனிதப் புரதத்தையும் ஆக்கும். மிகுதியாகப் பயன்படும் வடிவத்தில் 165 அமினோ அமிலங்கள் கொண்ட இரு சங்கிலிகள் கந்தகப் பிணைப்புகளால் ஒன்றாக இணைந்துள்ளன. பற்றீரியாவினுள் இப்புரதம் தொழிற்படாத திரளாகவே பெரும்பாலும் படிவதால், அதனைக் கரைத்து மீண்டும் முறையாக மடியச் செய்தல் வேண்டும். ஆய்வுகூடங்களிலே மனிதத் தொப்புட்கொடியினின்று எடுத்த அகவணிக் கலங்களுக்கு மில்லிலீற்றருக்குச் சில பத்து நனோகிராம் அளவில் இது இடப்படுகின்றது. அவ்வளவிலேயே கலங்கள் பெருகி, நகர்ந்து, குழாய் வடிவில் ஒழுங்குறுகின்றன.

இத்துணை ஆற்றலுடைய பொருள் குருதி குன்றிய இதயத்துக்கு நேரே மருந்தாகும் என வைத்தியர் பலர் நம்பினர். ஆனால் இயற்கை இதனை எத்துணை நுண்ணிய அளவிற் பேணுகின்றது என்பதை 1996ஆம் ஆண்டின் ஆராய்ச்சிகள் காட்டின. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக வரும் இப்பரம்பரையலகின் இரு படிகளுள் ஒன்றை மட்டும் இழந்த எலிக்கருக்களும் பிறவாமலே இறந்தன. 2003ஆம் ஆண்டில் முடிவு வெளியான ஆராய்ச்சியொன்றில், இதயநோயாளர் 178 பேர் மீள்சேர்க்கைக் காரணியையோ மருந்தற்ற திரவத்தையோ பெற்றனர். அறுபதாம் நாளில் நடைச் சோதனையில் இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மருந்தைக் கூட்டவும் வழியில்லை, குருதியமுக்கம் தாழ்ந்தது. வாய்க்கால் வெட்டுமாறு ஆணையிடுதல் மட்டும் போதாது. எங்கே, எவ்வளவு, எத்துணைக் காலம் என்பனவும் வேண்டும் என்ற பாடத்தை வைத்தியர் கற்றனர்.

காரணியைக் கொடுப்பதிற் கைகூடாத பயன் அதனைத் தடுப்பதிற் கைகூடியது. 1993ஆம் ஆண்டில், இதற்கெதிரான பிறபொருளெதிரி எலிகளிற் கட்டிகளின் வளர்ச்சியைக் குறைத்தது. அதன்வழிப் பிறந்த பெவசிசுமாப் என்னும் மருந்து 2004ஆம் ஆண்டிற் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. போக்மனின் கருத்து முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின் இவ்வாறு மெய்ப்பட்டது. கண்ணின் வரலாறும் இதனோடு வந்து கலந்தது. 1994ஆம் ஆண்டிலே 164 நோயாளரின் கண்களினின்று பெற்ற 210 திரவ மாதிரிகளை அறிஞர் ஆராய்ந்தனர்; நீரிழிவினால் விழித்திரையிற் புதுக்குழாய்கள் முளைத்தோரிடம் இக்காரணி மிகுந்திருந்தது. ஒட்சிசன் குன்றிய விழித்திரை உதவி வேண்டி அதனைச் சுரக்கின்றது. முளைக்கும் குழாய்களோ நொய்யனவாய்க் கசிந்து பார்வையை அழிக்கின்றன. மைக்கல்சன் தேடிய பொருள் இவ்வகையில் அகப்பட்டது. 2006ஆம் ஆண்டிற் கண்ணுக்கென ஆக்கப்பட்ட ரனிபிசுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதனினும் மிக மலிவான பெவசிசுமாப்பைக் கண் மருந்தாக உலகச் சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டில் இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. 2015ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே ரனிபிசுமாப்புக்கு நிகரான மருந்தொன்று விற்பனைக்கு வந்தது. விலை குறைதல் ஏழை நோயாளரின் பார்வையைக் காத்தலாகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இக்காரணியின் வரலாற்றில் நெல்வயலுக்கும் ஓரிடமுண்டு. புடையன் எனவும் வழங்கும் கண்ணாடி விரியன் உழவரைத் தீண்டும் கொடிய பாம்புகளுள் ஒன்று. 2003ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞராகிய யமசாக்கி, மொரித்தா முதலியோர் அதன் நஞ்சினின்று மனிதக் காரணியின் உறவினதாகிய ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். மனிதக் காரணி அகவணிக் கலத்தின் இரு வாங்கிகளோடு பொருந்தும். நஞ்சின் காரணியோ குழாயைக் கசியச் செய்து குருதியமுக்கத்தைத் தாழ்த்தும் ஒரு வாங்கியோடு மட்டுமே பொருந்தும். தென்னிந்தியாவிலும் மியன்மாரிலும் இப்பாம்பு தீண்டியோர் சிலரிடம் மயிர்க்குழாய்கள் கசிந்து, உடல் வீங்கி, குருதியமுக்கம் வீழ்தலை வைத்தியர் கண்டுள்ளனர். அதில் இப்புரதத்துக்கும் பங்குண்டு எனக் கருதப்படுகின்றது. கருவை உருவாக்கும் பொருளின் இனத்ததொன்றையே விரியன் தன் படைக்கலமாக்கிக்கொண்டது.

ஆகவே இக்காரணியை நன்றென்றோ தீதென்றோ கூறிவிடல் பொருந்தாது. கருவில் அது உயிர். புண்ணில் அது மருந்து. கட்டியில் அது பகைக்குத் துணை. நீரிழிவுற்ற கண்ணில் அது குருடு. விரியனின் பல்லில் அதன் உறவு நஞ்சு. பொருளின் இயல்பு ஒன்றே. அளவும் இடமும் காலமுமே வேறு. இதனை அறிந்ததனால் வரும் கடமையும் உண்டு. நீரிழிவுற்றோர் பார்வை மங்குமுன்னரே ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதிப்பித்தல் வேண்டும். கசிவு தொடங்கியபின் இழந்த பார்வை முற்றாக மீளாது. பாம்பு தீண்டியோரைக் கட்டுக்கும் கீறலுக்கும் உட்படுத்தாது வைத்தியசாலைக்கு விரைவிற் கொண்டுசெல்லல் வேண்டும். வரம்பின் சிறு கசிவை விடியுமுன்னே கண்டு அடைக்கும் உழவனுக்கு இவ்வுண்மை புதியதன்று. வயலில் அவன் காட்டும் அவ்விழிப்பு உடலைப் பேணுவதிலும் அமைதல் வேண்டும்.