படம் காட்டும் கருவி வளர்ந்த வரலாறு

திரையரங்கிற்குச் செல்வோரின் கண்கள் வெண்திரையை நோக்கியே இருக்கும். அவர்தம் முதுகுக்குப் பின்னே, சுவரிலுள்ள சிறு துளை வழியாக ஒளி பாய்ச்சும் அறையில் என்ன நிகழ்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. நூறாண்டுக்கும் மேலாக அவ்வறையில் நிகழ்ந்த மாற்றங்களைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கருவி புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் காண்போர்க்கு நலம் கூடியது. அதே வேளையில், கருவியை இயக்குவோருக்கும் அரங்கு உரிமையாளருக்கும் அதன்மீது இருந்த ஆட்சி சிறிது சிறிதாகக் குறைந்தது.

தீயும் தனியறையும்

1895 டிசம்பர் 28ஆம் நாள் லூமியே சகோதரர்கள் பாரிஸ் நகரத்துச் சிற்றுண்டி விடுதியொன்றின் கீழறையில் கட்டணம் பெற்றுப் படம் காட்டினர். கருவியைக் கையால் சுழற்றினர். அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட் கலந்த செல்லுலோசால் ஆனது. தீப்பற்றினால் அதனை அணைத்தல் அரிது. எரிவதற்கு வேண்டிய உயிர்வளி அதற்குள்ளேயே உண்டு. 1897 மே 4ஆம் நாள் பாரிசில் நடந்த அறக்கொடைச் சந்தையில், படக்கருவியின் விளக்குக்குப் பயன்பட்ட ஈதர் ஆவி தீப்பற்ற, நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

படக்காட்சியின் தீயபாயத்தை அரசுகள் கருத்தில் கொள்ளலாயின. பிரிட்டன் 1909ஆம் ஆண்டு இயற்றிய திரைப்படச் சட்டத்தின் வழி, படக்கருவி தீப்பிடிக்காத தனிக் கூண்டில் இருத்தல் வேண்டும் என்ற விதி வந்தது. ஆகவே ஆபரேட்டர் அறை என்பது வசதிக்காகப் பிறந்ததன்று, அச்சத்தால் பிறந்ததாகும்.

இரண்டு கருவிகள், இரண்டு புள்ளிகள்

பேசும் படம் வந்தபின் நொடிக்கு 24 படம் என்பது நிலைபெற்றது. இவ்வேகத்தில் 35 மி.மீ. சுருள் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். இரண்டு மணி நேரப் படத்திற்கு 10,800 அடி வேண்டும். 2,000 அடிச் சுருள் ஒன்று 22 நிமிடமே ஓடும். எனவே ஒரு படம் ஐந்தாறு சுருள்களாகப் படப்பெட்டியில் வந்து சேர்ந்தது.

இடையில் திரை இருளாமல் இருக்க அரங்குகள் இரண்டு கருவிகளை அருகருகே நிறுத்தின. ஒன்று ஓடும்போது மற்றொன்றில் அடுத்த சுருள் ஆயத்தமாக இருக்கும். சுருள் முடியுந் தறுவாயில் திரையின் வலப்பக்க மேல்மூலையில் சிறு வட்டப் புள்ளி ஒன்று தோன்றி மறையும். அதைக் கண்டதும் ஆபரேட்டர் இரண்டாம் கருவியை ஓடவிடுவார். ஏழெட்டு நொடி கழித்து இரண்டாம் புள்ளி தோன்றும். அக்கணமே ஒரு கருவியின் ஒளியை மறைத்து மற்றதன் ஒளியைத் திறப்பார். வேலை செம்மையாக நடந்தால் அதை எவரும் அறியார். பிழைத்தால் அரங்கமே சீழ்க்கை அடிக்கும். இதற்கிடையே எரிந்து குறையும் கார்பன் குச்சிகளின் இடைவெளியைச் சரிசெய்வதும், முடிந்த சுருளைத் திரும்பச் சுற்றுவதும் அவர் கடமைகளே.

தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்ட 16 மி.மீ. படங்களுக்கு இந்த இரட்டை ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. ஒரே கருவிதான், சுருள் மாறும்வரை மக்கள் காத்திருந்தனர். ஆயினும் தீயச்சம் இல்லை. கோடாக் நிறுவனம் 1923இல் 16 மி.மீ. சுருளை அறிமுகப்படுத்தியபோதே எளிதில் தீப்பற்றாத அசிட்டேட்டால் அதைச் செய்தது. 35 மி.மீ. சுருளுக்கு அந்தப் பாதுகாப்பு 1948க்குப் பின்னரே கிட்டியது.

ஆள் குறைந்த அறை

1950களில் ஜெர்மனியிலிருந்து செனான் விளக்கு பரவியது. குவார்ட்ஸ் குமிழுக்குள் அடைபட்ட வாயுவில் ஒளி பிறக்கும். குச்சிகளைக் கவனிக்க வேண்டியதில்லை. 1960களில் அந்நாட்டு அரங்கு உரிமையாளர் வில்லி புர்த் கிடைத்தட்டு முறையை உருவாக்கினார். எல்லாச் சுருள்களையும் ஒட்டி ஒரே சுருளாக்கி அகன்ற தட்டில் கிடத்துவர். படம் தட்டின் நடுவிலிருந்து வெளிவந்து மற்றொரு தட்டில் சுற்றிக்கொள்ளும். கருவி ஒன்றே போதும். திரும்பச் சுற்றவும் வேண்டாம்.

இவ்விரண்டும் சேர்ந்ததன் விளைவு பெரிது. ஒருவரே பல திரைகளைக் கவனிக்க முடிந்தது. ஒரு கூரையின்கீழ்ப் பல அரங்குகள் எழுந்தன. ஆனால் சுருள் எங்கேனும் உராய்ந்து கீறல் விழுந்தால், அதைக் கண்டு உடனே நிறுத்த அறையில் ஆள் இல்லாத நிலையும் வந்தது.

சாவி பிறர் கையில்

1987இல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த லாரி ஹார்ன்பெக், நுண்ணிய கண்ணாடிகளால் ஆன சில்லைக் கண்டுபிடித்தார். 2,048க்கு 1,080 என்ற அளவுடைய சில்லில் ஏறத்தாழ 22 இலட்சம் கண்ணாடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் நொடிக்குப் பல்லாயிரம் முறை சாய்ந்து, திரையில் ஒரு புள்ளியின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும். 1999 ஜூனில் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசைப் படமொன்று அமெரிக்காவில் நான்கு அரங்குகளில் சுருளின்றி டிஜிட்டல் முறையில் காட்டப்பட்டது. பெரும் படநிறுவனங்கள் கூடி 2005 ஜூலையில் பொது விதிமுறையை வெளியிட்டன. 2009 டிசம்பரில் வெளிவந்த ‘அவதார்’ முப்பரிமாணப் படம் அரங்குகளை விரைந்து மாறச் செய்தது.

சுருள் போய்க் கணினிக் கோப்பு வந்தது. அது பூட்டப்பட்டே வரும். அதைத் திறக்கும் மின்சாவி இன்ன படத்திற்கு, இன்ன கருவிக்கு, இன்ன நாள்முதல் இன்ன நாள்வரை என்று வரையறுத்தே அனுப்பப்படும். முன்னாளில் படப்பெட்டி வந்திறங்கினால் படம் ஓடும். இந்நாளில் கோப்பு கையில் இருந்தும், சாவி வராவிடில் திரை வெறுமையே.

செலவிலும் சிக்கல் எழுந்தது. படச்சுருள் அச்சிடும் செலவு மிச்சமானது வெளியிடுவோருக்கு. புதுக்கருவி வாங்கும் சுமையோ அரங்குக்கு. இதை ஈடுசெய்ய, படந்தோறும் ஒரு கட்டணத்தை வெளியிடுவோர் செலுத்தும் முறை தோன்றியது. தமிழ்நாட்டில் இக்கட்டணம் குறித்த பூசலால் 2018 மார்ச் 1 முதல் ஏறத்தாழ ஒன்றரை மாதம் புதுப்படங்களின் வெளியீட்டைத் தயாரிப்பாளர்கள் நிறுத்திவைத்தனர். கருவியின் விலையை யார் ஏற்பது என்ற வினா ஒரு திரையுலகையே நிறுத்த வல்லது என்பதற்கு இது சான்று.

மாற்றும் கலையின் மறுபிறவி

புதுக்கருவி திரைப்படத்தை மட்டும் காட்டுவதன்று. 2006 டிசம்பர் 30ஆம் நாள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் இசைநாடக அரங்கின் நிகழ்ச்சி செயற்கைக்கோள் வழியே திரையரங்குகளில் நேரலையாகக் காட்டப்பட்டது. விளையாட்டு, கருத்தரங்கு, மடிக்கணினிப் படம் என்று பல மூலங்கள் ஒரே திரையை நாடின. ஆனால் ஒவ்வொன்றின் படஅளவும் வேகமும் வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவினால், புதிய குறிப்பைக் கருவி பற்றிக்கொள்ளும்வரை திரை சில நொடி இருண்டுவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே அளவுக்கும் ஒரே தாளத்திற்கும் கொணர்ந்தபின் மாற்றித்தரும் ‘சுவிட்சர்’ பெட்டி தேவையாயிற்று. இரண்டு புள்ளிகளைப் பார்த்து ஆபரேட்டரின் கை செய்த வேலையே இது.

அப்பெட்டிக்கும் மூப்பு உண்டு. புதிய இயக்கி அனுப்பும் காப்புக்குறியைப் பழைய பெட்டி ஏற்காவிடில் படம் வராது. பெட்டியை மாற்றினால் கம்பிகளையும் மாற்ற நேரும். செப்பனிட்டுப் பல்லாண்டு ஓட்டிய சுருள் கருவிகளின் நீண்ட வாழ்வு இவற்றுக்கு வாய்ப்பதில்லை.

தீயின் அச்சம் நீங்கியதும், நூறாவது காட்சியும் முதற்காட்சி போலத் தெளிவாக இருப்பதும், சிற்றூரும் தலைநகரமும் ஒரே நாளில் ஒரே படம் காண்பதும் மறுக்கவியலாத பேறுகள். ஆயினும் இன்று கருவியைப் புதுப்பிப்பது ஒருமுறை வாங்கி முடிக்கும் கொள்முதல் அன்று. நெடுநாள் தொடரும் கட்டுப்பாடு ஆகும். ஒளி எவ்வளவு என்று வினவுவது மட்டும் போதாது. உறுப்புகள் எத்தனை ஆண்டு கிடைக்கும், பழுதுற்றால் உள்ளூரில் யார் செப்பனிடுவர், அறையில் இருப்பவர்க்கு யார் பயிற்சி தருவர் என்ற மூன்று வினாக்களும் விலைபேசுமுன் கேட்கப்படல் வேண்டும். அவற்றுக்கு விடை பெறாமல் வாங்கும் சிறிய அரங்கு, கருவியை வாங்கிக் கவலையையும் உடன் வாங்கியதாகவே முடியும்.