சிவகாசி தந்த வேலன்

சிவகாசி என்றவுடன் தீப்பெட்டி நினைவுக்கு வரும். பட்டாசு நினைவுக்கு வரும். சுவரிலே தொங்கும் நாட்காட்டி நினைவுக்கு வரும். மயிலேறிய முருகனை வண்ண வண்ணமாக அச்சிட்டு நாடெங்கும் அனுப்பும் ஊரல்லவா அது! ஆனால், காகிதத்தில் முருகன் ஏறுவதற்கு முன்பே, அந்தக் கரிசல் மண்ணில் பிறந்த ஒருவர் முருகனாக மேடையேறிவிட்டார். 1886 இல் அங்கே நாவிதர் குலம் என்று ஒதுக்கப்பட்ட வீட்டிலே பிறந்த விசுவநாத தாஸ்தான் அவர்.

அவர் நடித்த நாடகம் 'வள்ளி திருமணம்'. எழுதியவர் அவர் காலத்து நாடகாசிரியரான சங்கரதாஸ் சுவாமிகள். 1867 இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922 இல் புதுச்சேரியில் மறைந்தவர். கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என்று அவர் இயற்றிய நாடகங்களே தென்னாட்டு மேடைக்கு நெடுநாள் உணவாக இருந்தன. 'புராணக் குப்பை' என்று ஒரே சொல்லால் அவற்றைத் தள்ளிவிடுவது நம் தோழர்களில் பலருக்கு வழக்கம். கோபம் நியாயமானதே. ஆயினும், நாடகத்தை ஏட்டிலே மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்பவன் பாதி நாடகத்தைத்தான் கண்டவன் என்பதை நாம் இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

முதலில் ஏட்டையே பார்ப்போம். தினைப்புனம் காக்கும் குறவர் மகள் வள்ளி. வேடனாக வருகிறான் வேலன். காதல் மொழிகிறான், அவள் மறுக்கிறாள். மறுப்பதோடு நிற்கவில்லை, கேள்விமேல் கேள்வி கேட்டு அவனைத் திணறடிக்கிறாள். தர்க்கம் என்று பெயர்பெற்ற அக்காட்சி விடியும்வரை நீள்வதும் உண்டு. படித்த பெண்ணே வாய்திறக்க அஞ்சிய நாளில், குறவர் வீட்டுப் பெண் கடவுளையே கூண்டில் நிறுத்தி வினவுகிறாள்! சுவாமிகளின் பேனா அங்கே தலைநிமிர்ந்து நிற்கிறது. ஆனால் முடிவு? வாதத்தில் வெல்ல முடியாத வேலன் அண்ணனைத் துணைக்கு அழைக்கிறான்; யானை வருகிறது; அஞ்சிய பெண் அவனிடமே அடைக்கலம் புகுகிறாள். நாவைக் கொடுத்த ஆசிரியர், யானையைக் கொண்டு அந்த நாவை அடக்கிவிட்டார். சாதி கடந்த மணம் என்று இதைப் போற்றுவோரும் உண்டு. அச்சுறுத்திப் பெற்ற இசைவை மணம் என்று போற்ற நமக்கு மனம் வரவில்லை.

இனி மேடைக்கு வருவோம். 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறையை இன்றைய இளைஞர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். அங்கே நிலையான குழு இல்லை, ஒத்திகை இல்லை. இராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூன் இன்னோர் ஊர். பலர் அன்றிரவுதான் ஒருவரையொருவர் பார்ப்பர். எல்லாருக்கும் பொதுவாக இருந்தது சுவாமிகளின் பாடம் ஒன்றே. அந்தப் பாடத்தின் இடைவெளிகளை அவரவர் புலமையால் நிரப்பிக் கொள்வர். ஆர்மோனியக்காரர் தொடர்ந்து வர, கேட்பவர் தலையாட்ட, பாட்டு எங்கே போகும் என்பது ஆசிரியருக்கே தெரியாது.

அந்த இடைவெளியில்தான் தாஸ் புகுந்தார். தினைப்புனத்தில் பறவை ஓட்டவேண்டும் அல்லவா? ஓட்டவேண்டிய பறவை வெள்ளைக் கொக்காயிற்று. கொக்கு எந்த நாட்டிலிருந்து பறந்து வந்தது என்பதைக் கொட்டகை முழுவதும் ஒரு நொடியில் உணர்ந்துகொண்டது. அந்தப் பாட்டை எழுதிக் கொடுத்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1931 இல் வந்த 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும்படத்துக்கும் பாட்டெழுதியவர் அவரே. போலீசார் ஏட்டைப் புரட்டினால் அங்கே வள்ளி இருப்பாள், வேலன் இருப்பான், குற்றம் இராது. குற்றம் குரலில் இருந்தது! எனவே குரலுக்குரியவரைப் பிடித்தார்கள். பலமுறை சிறை புகுந்தார் தாஸ். வெளியே வந்து மீண்டும் பாடினார்.

வங்கத்து நாடகங்களைக் கண்டு அஞ்சி வெள்ளையன் 1876 இல் நாடகச் சட்டம் செய்தான். அவன் போன பிறகாவது அச்சம் போயிற்றா? எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகம் கொட்டகைகளைக் குலுக்கிய 1954 இல் சென்னை மாநிலம் தனக்கென ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டது. ராதாவும் எழுதிய வசனத்தோடு நில்லாதவர். அன்றைய செய்தி அன்றிரவே அவர் வாயில் வசனமாகிவிடும். ஞாநி தொடுத்த வழக்கில் 2013 இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளிக்கும்வரை ஏறத்தாழ அறுபது ஆண்டு அது ஏட்டில் இருந்தது.

போலீசுக்கு அஞ்சாத தாசுக்கு வேறொரு தடை மேடைக்குள்ளேயே காத்திருந்தது. அவர் நாவிதர் குலத்தவர் என்பதால் அவரோடு இணைந்து நடிக்க நடிகையர் பலர் மறுத்தனர். வள்ளி இல்லாமல் வேலன் எப்படி ஆடுவது? குறத்தியைக் கடவுள் மணக்கும் கதையைப் பாடிப் பிழைத்த மேடை, அந்தக் கடவுள் வேடம் போட்டவரின் குலத்தைக் கேட்டது! கோயில் நுழைவுப் பூசல் 1899 இல் பெருங்கலவரமாக வெடித்த ஊரிலே பிறந்தவருக்கு இது புதிய பாடமன்று. எனினும் தம்மைப் போன்றே வேடம் கட்டிப் பிழைத்தவர்களிடமிருந்து அது வந்ததே, அதுதான் நம்மை உறுத்துகிறது. நடிகையரை மட்டும் பழிப்பதும் நேர்மையாகாது. அவர்களையும் சமுதாயம் ஓரத்தில்தான் நிறுத்தியிருந்தது. ஓரத்தில் நிற்பவர் தமக்கும் கீழே ஒருவரைத் தேடும்படி செய்வதுதானே சாதியின் சூது?

அந்த மறுப்பை உடைத்தவர் கே.பி. ஜானகி அம்மாள். 1917 இல் பிறந்தவர். தாசைவிட முப்பத்தோர் ஆண்டு இளையவர். 'நான் நடிக்கிறேன்' என்று முன்வந்து அவருக்கு இணையாக மேடையேறினார். பின்னாளில் பொதுவுடைமை இயக்கத்தில் தலைவராகி, 1967 இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றவர் அவரே. யானைக்கு அஞ்சும் வள்ளியை ஆசிரியர் எழுதினார். ஊருக்கு அஞ்சாத வள்ளி ஒருத்தி மேடைக்கு வந்தாள். சுவாமிகளின் நாடகத்தை மதிப்பிடும்போது அவளையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்கிறோம்.

தாஸ் காங்கிரஸ்காரர், பக்தியும் உடையவர். அவருடைய நம்பிக்கைகள் எல்லாம் நமக்கு உடன்பாடல்ல. அவர் பட்ட இழிவு நமக்கு அயலானதும் அல்ல. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அதே 'வள்ளி திருமணம்' நடந்தது. முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவர் மேடையிலேயே உயிர் நீத்தார். அவர் குடியேறி வாழ்ந்த திருமங்கலத்தில் இன்று நினைவில்லம் இருக்கிறது. தென்மாவட்டங்களின் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' இன்றும் ஆடப்படுகிறது. இரவு முழுவதும் தர்க்கம் நடக்கிறது. விடியும் வேளையில் யானை வருகிறது.