நெய்யாத துணியின் கதை

கொரோனாப் பெருந்தொற்று உலகை முடக்கிய 2020 ஆம் ஆண்டில், சத்திரசிகிச்சை முகக்கவசம் ஒன்றைக் கத்தரித்துப் பார்த்தேன். மூன்று படைகள் இருந்தன. பாவும் இல்லை, ஊடும் இல்லை. மேற்படையெங்கும் பொட்டுப் பொட்டாகச் சிறு பள்ளங்கள் மட்டும் தெரிந்தன.

அவை அலங்காரமல்ல. உருகிய பொலிபுரோப்பிலீனை நுண்துளைகளினூடாக இழைகளாக இழுத்து, ஓடும் வலைப்பட்டியில் பரப்பி, மேடுகள் செதுக்கிய சூடான உருளையின் கீழ் செலுத்துகிறார்கள். மேடு பட்ட இடங்களில் இழைகள் உருகி ஒட்டுகின்றன. அந்தப் பொட்டுகளே துணியைப் பிரியாது வைத்திருக்கின்றன. இடைப்பட்ட பகுதி மிருதுவாகவே இருக்கிறது.

நடுப்படையின் வரலாறு வேறு. அணுகுண்டுப் பரிசோதனைகள் மேல்வளிமண்டலத்தில் விட்டுச்சென்ற கதிரியக்கத் துகள்களைச் சேகரிக்க 1950களில் மிக நுண்ணிய வடிகட்டி தேவைப்பட்டது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் வான் வென்டே என்பவர், உருகிய பிளாஸ்டிக்கை வேகமான வெப்பக்காற்றால் ஊதி நுண்ணிழையாக்கினார். 1956 இல் அம்முறையை வெளியிட்டார். 1960களில் எஸ்ஸோ நிறுவனத்து ஆய்வாளர்கள் அதனைப் பெருந்தொழிலுக்கு ஏற்றதாக வளர்த்தெடுத்தனர்.

அணுகுண்டின் நஞ்சை அளக்கப் பிறந்த இழை, பின்னாளில் மனிதரின் மூச்சைக் காத்தது. எனினும் 2020 இல், முகக்கவசம் தைக்கக் கைகள் இருந்தும் நடுப்படைத் துணியின்றிப் பல நாடுகள் தவித்தன. தறியை வீட்டுத் திண்ணையிலும் நிறுவலாம். இந்த இயந்திரத்தையோ ஆபத்து வாசலுக்கு வந்தபின் அவசரமாக அமைத்துவிட முடியாது. நெய்யாத துணி நமக்குக் கற்பித்த பாடம் அதுவே.