கோட்டைக்கு இரண்டு கிடங்கு

பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம் என்றொரு மீனவர் ஊர் உண்டு. கோட்டைதான் இல்லை. புதர் மூடிய செங்கல் மேடும் அதைச் சுற்றி ஓர் அகழியும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இந்த அகழிக்குப் பழந்தமிழில் கிடங்கு என்றும் பெயர். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரைக் கோட்டையின் காவல்களை வரிசையாக அடுக்குகிறது. அங்கே காவற்காட்டுக்கு அடுத்து வருவது கிடங்கு. எந்திர வில்லும் கல் எறியும் கவணும் அதற்குப் பிறகுதான். ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊர்களில் ஒன்றுக்குக் கிடங்கில் என்றே பெயர். இன்றைய திண்டிவனத்தில் அது கிடங்கல் ஆகிவிட்டது. கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கில் குலபதி நக்கண்ணனார் என்று அவ்வூர்ப் புலவர்கள் சங்கத் தொகைகளில் இருக்கிறார்கள்.

இன்றோ கிடங்கு என்றதும் நமக்கு நெல் மூட்டையும் உர மூட்டையும்தான் கண்ணில் வருகின்றன. நீர் நின்ற பள்ளத்தின் பெயர் பண்டம் அடுக்கும் கட்டடத்துக்கு எப்படி ஏறியது?

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இரண்டு பொருளையும் தருகிறது. வேர் 'கிட' என்பதே. கிடக்கை, கிடை, கிடப்பு எல்லாம் அந்தக் குடும்பம். தாழ்ந்து கிடப்பது கிடங்கு, அதாவது பள்ளம். யாழ்ப்பாணத்தில் அந்த முதற்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. 'கிடங்கு வெட்டினான்' என்றால் அங்கே குழி தோண்டினான் என்று பொருள். ரோட்டில் கிடங்கு என்றால் வண்டிச் சக்கரம் இறங்கும் பள்ளம். மலையாளத்திலும் கிடங்ஙு அகழிதான். தானியத்தைக் குழியில் கொட்டி மூடிவைப்பது தக்காணமெங்கும் இருந்த பழக்கம். பள்ளம் பண்டசாலை ஆனதற்கு அந்தக் குழிகளே பாலம் என்பது என் கணிப்பு. குழிக்குள் கிடந்த தானியம் சுவருக்குள் வந்தபோது பெயரும் கூடவே வந்திருக்க வேண்டும். தெலுங்கு இதைக் கிட்டங்கி என்றது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் பழவேற்காட்டு ஏரிக்கரையில் எந்த மொழியிலிருந்து எதற்குப் போனது என்று வழக்காடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

கோட்டைக்கு வருவோம். 1610இல் விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்று டச்சுக் கம்பெனி இங்கே பண்டசாலை வைத்தது. அவர்களை நம் ஊரார் உலாந்தாக்காரர் என்றார்கள். ஐரோப்பாவில் டச்சுக்காரருக்கும், போர்த்துக்கலையும் சேர்த்து ஆண்ட ஸ்பெயின் மன்னருக்கும் இடையே 1609 முதல் பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் நடப்பில் இருந்தது. சோழமண்டலக் கடலில் அதை யார் மதித்தார்கள்? 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அந்தப் பண்டசாலையை அழித்துப் போட்டார்கள். அதன்பிறகுதான், 1613இல், வெம்மர் வான் பெர்கெம் என்ற அதிகாரி கோட்டையைக் கட்டி முடித்து, தன் பிறந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரால் கெல்ட்ரியா என்று பெயரிட்டார். வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் சரக்கு, பிறகு சுவர். அரசர்கள் நகரைக் காக்க அகழி வெட்டினார்கள். வணிகக் கம்பெனி உள்ளே இருந்த கிடங்கைக் காக்க வெளியே ஒரு கிடங்கை வெட்டிக்கொண்டது.

கோட்டைக்கு நீர், வெளி நிலம், மலை, காடு என்று நான்கு அரண் கேட்பார் வள்ளுவர். பழவேற்காட்டில் மலை மருந்துக்கும் கிடையாது. நீர் இருந்தது. கிழக்கே கடல், இன்னொரு பக்கம் உப்பு ஏரி, காலடியில் மணல். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. குடிக்க உதவாத நீர். பாலைவனத்துப் படை முகாமுக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை, இங்கே மீன் கிடைக்கும் என்பதைத் தவிர. பகைவர் கொள்ள முடியாத அரணும் உள்ளே உணவுச் சேமிப்பும் ஒரே குறளில் சேர்ந்து வருவது தற்செயல் இல்லை. ஆவூர்க் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த சோழன் நெடுங்கிள்ளியைப் புலவர் கோவூர்கிழார் இடித்துரைக்கும்போது யானைகளின் பசியையும் பாலில்லாத பிள்ளைகளின் அழுகையையும்தான் முன்வைக்கிறார். முற்றுகையில் சுவருக்கு முன்பே விழுவது வயிறு.

பண்டம் வந்து சேர்வதும் எளிதாக இல்லை. பெரிய கப்பல் முகத்துவாரத்துக்குள் நுழையாது. மணல் மேடு தடுக்கும். கடலில் நங்கூரமிட்டு, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் சரக்கை இறக்கி அலை தாண்டிக் கரை சேர்க்க வேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலையில் மணலில் மோதினால் பிளந்துவிடும், தைத்த பலகையோ வளைந்து கொடுக்கும். ஆக, கோட்டைக்குள் இருந்தவன் உண்பதும் சுடுவதும் இக்கரைப் படகோட்டியின் கையில் இருந்தது. முகத்துவாரம் தூர்ந்து போகிறது என்று இன்றைய மீனவர்கள் முறையிடுவது அன்றைக்கே தொடங்கிய கதை.

கிடங்குக்குள் இருந்த சரக்கில் மிகவும் தொல்லை பிடித்தது வெடிமருந்து. கெல்ட்ரியா அதை வாங்கி வைத்ததோடு நிற்கவில்லை, பழவேற்காட்டிலேயே செய்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கே ஆன மருந்து சாவாவின் பட்டாவியா வரை போயிற்று. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தால் மருந்து. முக்கால் பங்கு வெடியுப்பு. அதில் சோற்றுப்பு கலந்திருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்து மருந்து நமுத்துவிடும். எனவே வெடியுப்பைக் காய்ச்சி, படிய வைத்துத் தூய்மை செய்தாக வேண்டும். அந்த வேலையை உப்புக் காற்று வீசும் இந்தக் கரையில் வைத்தார்கள்! சேமித்த பீப்பாயையும் அவ்வப்போது புரட்டிப் போட வேண்டும். இல்லையென்றால் கலவை பிரிந்து கனமானது அடியில் தங்கிவிடும்.

பீப்பாய் என்ற சொல் போர்த்துக்கீசியம். கிடங்கைப் பூட்டும் சாவியும் போர்த்துக்கீசியம். டச்சுக்காரரின் கிடங்கில் பாதிச் சாமான் எதிரியின் பெயரைச் சுமந்துகொண்டிருந்தது. இந்தக் கரையில் வியாபாரத்துக்குப் பொதுவாகப் புழங்கிய மொழி போர்த்துக்கீசியமாக இருந்ததே காரணம். உலாந்தாக்காரர் நமக்கு விட்டுப்போனவற்றில் நிலைத்தவை துட்டும் கக்கூசும். காசும் கழிப்பிடமும், காவற்படை வாழ்க்கைக்கு இரண்டுமே தேவைதான்.

துட்டு என்றதும் ஒரு செய்தி. 1619இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்த உடன்படிக்கைப்படி பழவேற்காட்டு வணிகத்தில் ஆங்கிலேயருக்குப் பாதி. அதற்கு ஈடாகக் காவற்படைச் செலவிலும் பாதி. 1621இல் வந்தார்கள். செலவு மட்டும் பாதியாக வந்தது, சரக்கு அப்படி வரவில்லை என்று சண்டை. 1623இல் மூட்டை கட்டினார்கள். பிறகு வடக்கே துர்க்கராசப்பட்டினத்தில் ஆர்மகான் என்று ஒரு கோட்டை, அதுவும் சரிப்படாமல் 1639இல் சென்னை. காவற்படைக் கணக்குப் புத்தகத்தில் எழுந்த தகராறுக்குச் சென்னையின் பிறப்பில் ஒரு பங்கு உண்டு என்று துணிந்து சொல்வேன். டச்சுத் தலைமையிடம் 1690இல் நாகப்பட்டினம் போனது. கெல்ட்ரியா 1781லும் 1795லும் ஆங்கிலேயர் கைக்குப் போய், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களாலேயே தகர்க்கப்பட்டது. 1825இல் ஊரே நிரந்தரமாக அவர்களிடம் கைமாறியது.

சொல்லோ கப்பலேறிப் பிழைத்துக்கொண்டது. மலாயில் குடாங், போர்த்துக்கீசியத்தில் குடாவ், ஆங்கிலத்தில் கோடவுன். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, ஆங்கிலச் சொல் மலாய் வழியாக வந்தது, அதன் மூலம் தெலுங்குக் கிட்டங்கியும் தமிழ்க் கிடங்கும் ஆகலாம் என்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், இந்த ஊர்ச் சொற்களைக் காதால் கேட்டறிந்தவர். பிறகு ஆங்கிலேயர் கையோடு அது குடோனாகத் தமிழுக்கே திரும்பியது. சென்னைப் பாரிமுனையில் துணி மொத்த வியாபாரம் நடக்கும் கோடவுன் தெருவில் நிற்பவர்களுக்கு அது சொந்தச் சொல்லின் மறுபிறவி என்று தோன்ற வாய்ப்பில்லை. எனக்கு இதில் வருத்தமுமில்லை. கிடங்கும் குடோனும் இன்று அருகருகே பிழைக்கின்றன. அரசு அறிவிப்பில் கிடங்கு, லாரிக்காரர் வாயில் குடோன்.

கிழக்கே போன கிளைதான் நன்றாகத் தழைத்தது. இந்தோனேசியாவில் பெயர்பெற்ற ஒரு சிகரெட்டின் பெயர் குடாங் காரம், அதாவது உப்புக் கிடங்கு. கெல்ட்ரியாவின் காவலில் கிழக்கே போன கட்டம்போட்ட துணியை மலாய்க்காரர் இன்றும் கைன் பெலிகாட் என்கிறார்கள். பெலிகாட் என்பது பழவேற்காடு. மலேசியாவில் குடாங்கில் அடுக்கி வைத்திருக்கும் கைன் பெலிகாட் கட்டில் ஊரின் பெயர் ஒன்றும் அந்த ஊர்க் கோட்டைக்குள் இருந்த கட்டடத்தின் பெயர் ஒன்றும் சேர்ந்திருக்கின்றன. பழவேற்காட்டில் அதே துணியைக் கைலி என்று கேட்டு வாங்க வேண்டும்.