பெட்டக முனைய விரிவாக்கமும் காற்றுத்தர மதிப்பீடும்

காற்றுத்தர மதிப்பீடு என்பது, சரக்குப் பெட்டக முனையத்தைப் பெரிதாக்கினால் சுற்றுவட்டாரக் காற்று எவ்வளவு மாசுபடும் என்பதைக் கட்டுமானத்துக்கு முன்பே கணிக்கும் ஆய்வு. கப்பல், இழுவைப்படகு, முனையத்துக்குள் இயங்கும் பளுதூக்கிகள், கன்டெய்னர் லாரி, ரயில் எஞ்சின் ஆகியவை எரிக்கும் எரிபொருளைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடுகள், கந்தக டை ஆக்சைடு, நுண்துகள்கள் கணக்கிடப்படும். காற்றின் திசையையும் வேகத்தையும் சேர்த்து, குடியிருப்புகளில் அவற்றின் செறிவு மதிப்பிடப்படும். நங்கூரமிட்ட கப்பல் மாசு கக்காது என்று நினைப்பது தவறு. விளக்குகளுக்கும் குளிர்பதனப் பெட்டகங்களுக்கும் மின்சாரம் தர அதன் துணை எஞ்சின்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இத்துறையில் அதிகம் பேசப்படுவது லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தின் சைனா ஷிப்பிங் முனைய வழக்கு. பழைய பொதுவான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளை நம்பித் துறைமுகம் கட்டுமானத்தைத் தொடங்கியதை எதிர்த்து, 2001-இல் குடியிருப்போரும் சூழலியல் அமைப்புகளும் வழக்குத் தொடுத்தனர். இத்திட்டத்துக்கெனத் தனி அறிக்கை தேவை என்று 2002-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003-இல் சமரசம் ஏற்பட்டது; அதன் பயனாக 2004-இல், நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் தரும் வசதி அங்கு வந்தது. 2006-இல் அண்டையிலுள்ள லாங் பீச் துறைமுகத்துடன் கூட்டுத் தூய காற்றுத் திட்டம் உருவானது.

எனினும் கணிப்பு வேறு, கண்காணிப்பு வேறு. இம்முனையத்துக்கான 2008 அறிக்கையில் ஏற்றுக்கொண்ட தணிப்பு நடவடிக்கைகளில் சில முழுமையாக நிறைவேறவில்லை என்பது 2015-இல் வெளிவந்தது.