வாசலில் பெரிய மீசை வண்டு விழுந்தால் மரத்தையும் ஒருமுறை பாருங்கள்

மழை விட்ட இரவில் வாசல் விளக்கைச் சுற்றிப் பறந்து, ‘டொக்’கென்று சுவரில் மோதிக் கீழே விழும் பெரிய வண்டைத் தோட்டத்திலும் தாமானிலும் பலர் பார்த்திருப்பார்கள். ஏறத்தாழ ஒரு விரல் நீளம். உடம்பைவிட நீண்ட இரண்டு மீசைகள். கையில் எடுத்தால் ‘கிறீச் கிறீச்’ என்று சத்தம் போடும். பிள்ளைகள் அலறுவார்கள், பெரியவர்கள் செருப்பைத் தேடுவார்கள். கொட்டுமா, விஷம் உள்ளதா, செம்பனையைக் கெடுக்கும் வண்டு இதுதானா என்ற கேள்விகள் அடுத்து வரும்.

மூன்றுக்கும் ‘இல்லை’ என்பதே பதில். ஆனாலும் வீட்டைச் சுற்றி மா, பலா, டுரியான் மரம் வைத்திருப்பவர்கள் இந்த வண்டை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இதன் புழு வளர்வது அந்த மரங்களின் தண்டுக்குள்ளேதான்.

மீசைதான் முதல் அடையாளம்

இது நீளக்கொம்பு வண்டு. மலாயில் ‘கும்பாங் தண்டுக் பஞ்சாங்’. அறிவியலில் செராம்பிசிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் இக்குடும்பத்தில் 30,000க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. பெயரில் கொம்பு என்று இருந்தாலும் அது உண்மையில் உணர்கொம்பு, அதாவது மீசை. கணுக்கணுவாக இருக்கும், முன்னும் பின்னும் அசையும். பொதுவாக ஆண் வண்டுக்கு மீசை அதிக நீளம்.

கண்ணையும் கவனிக்கலாம். பெரும்பாலான நீளக்கொம்பு வண்டுகளில் கண் முழு வட்டமாக இல்லாமல், மீசையின் அடிப்பகுதியை வளைத்துக்கொண்டு அவரை விதை போல இருக்கும்.

சத்தம் வாயிலிருந்து வருவதல்ல. கழுத்துப் பகுதி ஓட்டை அதன் பின்னுள்ள பகுதியோடு உரசுவதால் எழுவது. பிடித்தவரை மிரட்டி விடுவிக்கச் செய்யும் தந்திரம் அது.

செம்பனை வண்டு வேறு

தோட்டத்து மக்களுக்கு நன்கு பழக்கமானது காண்டாமிருக வண்டு, மலாயில் ‘கும்பாங் பாடாக்’. உருண்டு தடித்த உடம்பு, கறுப்பு அல்லது கரும்பழுப்பு நிறம், தலைமேல் ஒற்றைக் கொம்பு. அந்தக் கொம்பு ஓட்டின் ஒரு பகுதி, தனியே அசையாது. மீசையோ மிகக் குட்டை. அழுகும் செம்பனை, தென்னைத் தண்டுகளில் அதன் புழு வளரும். வளர்ந்த வண்டு குருத்தைத் துளைக்கும்.

தென்னையைத் தாக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கு முகம் யானைத் துதிக்கை போல முன்னால் நீண்டிருக்கும். இடுக்கி போன்ற பெரிய தாடைகள் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அது மான்கொம்பு வண்டு.

சுருக்கமாகச் சொன்னால்: நெற்றியில் ஒற்றைக் கொம்பு என்றால் காண்டாமிருக வண்டு; நீண்ட மூக்கு என்றால் கூன்வண்டு; உடம்பளவு அல்லது அதைவிட நீண்ட மீசை என்றால் நீளக்கொம்பு வண்டு.

பழமரத்துக்கு வருவது எது?

எல்லா நீளக்கொம்பு வண்டும் பழமரத்தின் எதிரி அல்ல. பல இனங்களின் புழுக்கள் பட்டுப்போன மரத்தில் வளர்ந்து, அதை மக்க வைக்க உதவுகின்றன. மரங்கொத்திக்கு அவை நல்ல இரை.

கவனிக்க வேண்டியது ‘பட்டோசெரா’ என்ற பேரினம். மா, பலா, டுரியான், ரப்பர், அத்தி வகை மரங்களைத் தாக்கும் பட்டோசெரா ரூஃபோமாகுலாட்டா இதைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு மா விவசாயிகள் ‘தண்டு துளைப்பான்’ என்று சொல்வதும் இதே இனத்தைத்தான். அடையாளங்கள் இவை:

• உடம்பு சுமார் 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளம். சாம்பல் கலந்த பழுப்பு நிறம்.

• தலைக்குப் பின்னுள்ள கழுத்துப் பகுதியில் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் இரண்டு வளைந்த புள்ளிகள். அதே பகுதியின் இரு பக்கமும் ஒவ்வொரு கூரிய முள்.

• இரண்டு இறக்கை ஓடுகளும் கழுத்தோடு சேரும் நடுவிடத்தில் சிறிய வெள்ளைத் திட்டு.

• இறக்கை ஓட்டின் தோள் பகுதியில் கறுப்பாக மின்னும் சிறு குமிழ்கள். அதன் கீழே வெள்ளை, மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் புள்ளிகள்.

இதே பேரினத்தில் பட்டோசெரா ரூபஸ் போன்ற ஒத்த இனங்களும் உண்டு. வண்டு இறந்த பிறகு புள்ளிகளின் நிறம் மங்கிவிடும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து இனத்தை முடிவுசெய்யக்கூடாது. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், அருகில் ஒரு நாணயம் வைத்து ஒரு படம் எடுக்கலாம். எந்த மரத்தின் அருகே கிடைத்தது என்பதையும் குறித்துக்கொண்டு, ‘ஐநேச்சுரலிஸ்ட்’ செயலியில் ஏற்றினால் பூச்சிகளை அறிந்தவர்கள் இனம் கூற உதவுவார்கள்.

மரத்துக்குள் நடப்பது

பெண் வண்டு மரப்பட்டையைக் கடித்துக் கீறி, அதில் முட்டையிடும். ஒன்றிரண்டு வாரத்தில் புழு வெளிவந்து, முதலில் பட்டையின் அடியிலும் பிறகு தண்டின் உள்ளேயும் குடைந்து செல்லும். வெளிர் மஞ்சள் நிறமும் பழுப்புத் தலையும் கொண்ட இந்தப் புழு, முழு வளர்ச்சியில் வண்டைவிட நீளமாக இருக்கும். முட்டை வண்டாகி வெளியேற ஏறக்குறைய ஓராண்டு ஆகலாம். சிலவற்றுக்கு அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும்.

இலைகளிலிருந்து சத்து இறங்கி வேருக்குப் போகும் வழி பட்டைக்கு அடியில்தான் உள்ளது. புழு அதைச் சுற்றிலும் தின்றுவிட்டால் மரம் பட்டினி கிடக்கும். ஒரு கிளை காயும், இலை மஞ்சளாகும், பிறகு மரமே பட்டுப்போகும். உரம் போதவில்லை, தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்துக் காலத்தைக் கடத்துவதால்தான் பல மரங்கள் போகின்றன.

ஆகவே, வாசலில் விழுந்த ஒரு வண்டை மிதிப்பதால் மட்டும் மரம் பிழைத்துவிடாது. மறுநாள் காலையில் அடிமரம் முதல் பெரிய கிளைகள் பிரியும் இடம் வரை மரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

ஈரமான மரத்தூள் ஓட்டையிலிருந்து தள்ளப்பட்டிருந்தால், அல்லது பிசின் புதிதாக வடிந்தால், புழு உள்ளே இருக்கிறது என்று கொள்ளலாம். விரல் நுழையும் அளவுக்கு வட்டமான ஓட்டை இருந்து, புதிய தூள் எதுவும் இல்லையென்றால், வண்டு வெளியேறிவிட்டது என்று பொருள். ஆனால் அதே மரத்தில் வேறு புழுக்கள் இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

கிளையில் மட்டும் தாக்குதல் என்றால், துளைக்குக் கீழே நல்ல பகுதி தெரியும் வரை வெட்டி எடுக்கலாம். தண்டில் என்றால், தூளைச் சுரண்டிவிட்டு, வளையும் கம்பியை ஓட்டைக்குள் செலுத்திப் புழுவைக் குத்திக் கொன்று, களிமண்ணால் அடைக்கலாம். சில நாள் கழித்துப் புதிய தூள் வருகிறதா என்று மீண்டும் பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றுவது வேண்டாம். மரத்துக்கும் கேடு, நெருப்புக்கும் வழி. மருந்து தேவைப்படும் அளவுக்குப் போனால், மலேசியாவில் மாவட்ட விவசாய அலுவலகத்தில் படங்களைக் காட்டி ஆலோசனை கேட்கலாம். காய்க்கும் மரத்தில் எந்த மருந்தை எவ்வளவு பயன்படுத்துவது என்பது கேட்டுச் செய்ய வேண்டிய காரியம்.

வெட்டிய கட்டைகளை மரத்தடியிலேயே அடுக்கி வைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் வளர்ந்த புழு அங்கேயே வண்டாகி வெளிவந்துவிடும். சிறு துண்டுகளாக்கி அப்புறப்படுத்துவதே பாதுகாப்பு. புல் வெட்டும் இயந்திரத்தால் அடிமரத்தில் காயம் படாமல் பார்த்துக்கொள்வதும் உதவும்.

அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் வந்து விழுந்த வண்டா? அதைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதற்குக் கொடுக்கு இல்லை, விஷமும் இல்லை. தாடை மட்டும் மரப்பட்டையையே கீறும் வலுவுள்ளது என்பதால் விரலை வாயருகே கொண்டுபோகக்கூடாது. வெறும் கையால் பிடிக்காமல், ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி வெளியே விட்டுவிடலாம். பிள்ளைகள் அந்த நேரத்தில் மீசையின் கணுக்களை எண்ணிப் பார்க்கட்டும். பெரும்பாலும் பதினொன்று இருக்கும்.